முதல் சிப்பி கடலுக்கு

பிளஃப் ஊரில் காற்று நின்றுபோனால்தான் ஜனங்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள், என்ன ஆச்சோ ஏதாச்சோ என்று. அன்று காலை அது நிற்கிற உத்தேசத்திலேயே இல்லை. தென்துருவத்தில் கிளம்பி நடுவில் எங்கும் உட்காராமல் வந்த காற்று, ஜலசந்தியைத் தாண்டி நேராகக் கோர்டி மெக்கெக்னியின் காதுக்குள் புகுந்தது. அவர் கம்பளித் தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு சிப்பி ஷெட்டுக்கு நடந்தார். மற்றவர்கள் வர இன்னும் நேரம் கிடந்தது. முன்னெல்லாம் இவர் இப்படி விடியுமுன் போகிற ஆள் இல்லை. பெண்டாட்டி ஹூரியா வாசலில் நின்றுகொண்டு, “வர்றியா, இல்ல சிப்பிய வீட்டுக்கே வரச் சொல்லட்டுமா?” என்று ஒரு சத்தம் போட்டால்தான் அவருக்குக் காலணியே அகப்படும்.

ஹூரியா செத்து வருஷம் ஒன்றாகிவிட்டது. போன குளிர்காலத்தில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடிக்குக் கீழே உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் இப்போது கோர்டியும் ரேடியோவும்தான்.

ஷெட்டில் விளக்கைப் போட்டார். நீளமான மேடை, அதை ஒட்டி ஆள் நின்று வேலை செய்யும் தடுப்புகள், எதிரே சன்னல், சன்னலுக்கு அப்பால் படகுத்துறை. கோர்டியின் தடுப்புக்கு அடுத்தது ஹூரியாவுடையது. முப்பது வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் அங்கே தோள் உரச நின்று சிப்பி திறந்தார்கள். இப்போது அந்த இடத்தில் நிற்பது ஒரு ரோபோ.

ஷெட்டில் மொத்தம் நாலு ரோபோ. ஆள் உயரம். படகிலிருந்து மூட்டையைத் தூக்கிவரும், மேடையில் கொட்டும், கத்தியை எடுத்துத் திறக்கும். நடைதான் புதுச்செருப்புக் கடித்தவன் நடை. கையைக் குறை சொல்ல முடியாது. கருப்பு ரப்பர்த் தோல் போர்த்திய விரல்கள், சிப்பியின் வாய் எங்கே நெகிழும் என்று தடவியே கண்டுபிடித்துவிடும். அந்த வித்தை அதற்கு வானத்திலிருந்து வரவில்லை. ஷெட்டு ஆட்களில் நாலு பேர் ஒரு சீசன் முழுக்கக் கம்பி வைத்துத் தைத்த கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்கள் கை அசைந்ததெல்லாம் ரோபோவின் கைக்குப் போயிற்று. ஆளுக்கொரு ரோபோ. டோரினிடம் படித்தது டோரின் மாதிரியே நடுநடுவே கத்தியை வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நிற்கும். “அதுக்கும் சிகரெட் வேணும்போல இருக்கு, யாராச்சும் குடுத்துத் தொலைங்க” என்று ஷெட்டே சிரிக்கும்.

ஹூரியாவிடம் படித்தது ஹூரியா மாதிரி.

கோர்டி அதன் முதுகில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றார். ரோபோ மூட்டையைக் கொட்டியது. மேலே கிடந்த ஒரு சிப்பியை எடுத்தது, புரட்டிப் பார்த்தது, திறக்காமல் சன்னல் விளிம்பில் வைத்தது. பிறகு கத்திப்பிடியால் மேடையோரத்தில் டொக் டொக் என்று தட்டிவிட்டு, அடுத்ததை எடுத்து ஒரே திருகில் திறந்தது. நாலைந்து சிப்பிக்கு ஒருமுறை இடது மணிக்கட்டை இடுப்பில் துடைத்துக்கொண்டது. அங்கே ஏப்ரன் கிடையாது, துடைக்க ஈரமும் கிடையாது. ஆனாலும் துடைத்தது. இதைப் பார்க்கத்தான் கோர்டி இருட்டோடு எழுந்து ஓடிவந்தது.

கடல் கொடுத்ததில் முதலாவது கடலுக்கே திரும்பப் போகவேண்டும் என்பது ஹூரியா பிறந்த மாவோரிக் குடும்பத்து வழக்கம். நாளின் முதல் சிப்பியை விளிம்பில் வைத்திருந்து, தேநீர் நேரத்தில் துறைக்குப் போய் எறிந்துவிட்டு வருவாள். “அந்த ஒத்தச் சிப்பிக்குத்தான் கடல் ஏங்கிக் கெடக்குதாக்கும்” என்று கோர்டி கேலி செய்வார். “உனக்குக் கெடைக்கிற மத்ததெல்லாம் எங்க இருந்து வருதாம்?” என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். கையுறை போட்டிருந்த சீசனிலும் அதை விடவில்லை. ரோபோ அதையும் வேலை என்று நினைத்துக் கற்றுக்கொண்டுவிட்டது. ரோபோ கம்பெனிப் பையன்கள் வந்து பார்த்து, வீண் அசைவு, அழித்துவிடலாமா என்று கேட்டார்கள். “அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்று கோர்டி சொன்ன குரலில், அவர்கள் அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

விளிம்பில் இருக்கும் சிப்பியை இப்போது தேநீர் நேரத்தில் எறிவது கோர்டி. ரோபோவோடு அவர் பேசுவதில்லை, அவ்வளவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. ஹூரியாவும் வேலை நேரத்தில் பேசுகிறவள் அல்ல. அதனால் பக்கத்தில் டொக் டொக் என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால், தலையைத் திருப்பாதவரைக்கும், ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கும். சாயங்காலம் விசில் ஊதினால்தான் தலையைத் திருப்பவேண்டியிருக்கும்.

இந்த விஷயம் ஊரில் ஒருத்திக்கு மட்டும் தெரியாது, ஹூரியாவின் அக்கா நைரிக்கு. தங்கை போன பிறகு அவள் ஷெட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தெரிந்தால் என்ன சொல்வாள் என்று கோர்டிக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. மற்றவர்களும் இவர் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

டோரின் வந்தாள். அவள் பின்னாலேயே ஷெட்டு முதலாளி வாட்டி, கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். நல்ல மனுஷன். அவன் நல்ல மனுஷனாக இருந்ததுதான் அன்றைக்குத் தொந்தரவு.

“கோர்டி, நாளன்னிக்குக் கல் திறப்புதானே?”

“ஆமா.”

புதைத்து ஒரு வருஷம் கழித்துக் கல் நிறுத்தி, அதன்மேல் துணி போர்த்தி, சொந்தபந்தம் எல்லாம் கூடி அழுது துணியை எடுப்பார்கள். அப்புறம் விருந்து. அத்தோடு துக்கம் முடிந்தது என்று கணக்கு.

“விருந்துக்குச் சிப்பி நம்ம ஷெட்டோடது. எத்தன பேர் வந்தாலும் சரி. அதுல ஒரு விசயம் இருக்கு, கேளு.” வாட்டி ரோபோவின் தோளில் கை வைத்தான். “அத்தனையும் இவதான் தெறக்கணும். வேற யார் கையும் படக்கூடாது. ஹூரியாவோட விருந்துக்கு ஹூரியா கையாலயே. ராத்திரி பூரா யோசிச்சேன் கோர்டி. எப்படி இருக்கு?”

அவன் கண் கலங்கியிருந்தது. டோரின் கத்தியைத் தீட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாட்டிக்குத் தெரியாது. கோர்டிக்குத் தெரியும். வெள்ளைக்காரனாகப் பிறந்தாலும் முப்பது வருஷம் மாவோரி ஜனங்களோடு உண்டு உறங்கியவர். செத்தவர்களும் சோறும் அவர்களுக்கு வேறு வேறு திசை. பெட்டி வைத்த இடத்தில் ஒரு வாய் ரொட்டி தின்னமாட்டார்கள். இடுகாட்டை விட்டு வெளியே வந்தால் வாசலிலேயே கையைக் கழுவுவார்கள். அதை நம் ஊர்த் தீட்டு என்று சொல்லிவிட முடியாது. அழுக்கு என்பதனால் அல்ல, செத்தவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை அது. செத்தவளின் கை திறந்த சிப்பியை அவளுடைய விருந்திலேயே அவள் ஜனங்களுக்குப் போடுவதா? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாட்டி ஏன் என்று கேட்பான். பேச்சு நைரி காதுக்குப் போகும். போனால் அந்தக் கை நின்றுவிடும்.

“நல்ல யோசனதான்” என்றார் கோர்டி.

அன்று பொழுது முழுக்க அது திறந்தது. திறந்து திறந்து டப்பாக்களில் போட்டது, டப்பாக்கள் நிறைந்து தொட்டிகளில் ஏறின, தொட்டிகள் குளிர் அறைக்குப் போயின. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால் கோர்டிக்கு அது நல்ல நாள். தலையைத் திருப்பவே இல்லை.

மறுநாள் அவருக்கு லீவு. ஹூரியாவின் ஜனங்கள் நல்லது கெட்டதுக்குக் கூடுகிற மராய் மண்டபத்துச் சமையலறையில் நைரி முழங்கைவரை மாவோடு நின்றாள். பொரித்த ரொட்டிக்கு மாவு பிசைகிறாள். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் உப்புப்போட்ட கடற்பறவைக் கறி வெந்து, அந்த எண்ணெய் வாடை சுவரெல்லாம் ஏறியிருந்தது. கோர்டிக்கு உருளைக்கிழங்கு சீவும் வேலை.

“தோல மெலிசா சீவு. பாதிக் கெழங்கு குப்பைக்குப் போவுது” என்றாள் நைரி.

“மெலிசாத்தான் சீவறேன்.”

“முப்பது வருசமா அவ உனக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்தாளோ. வர்றவங்க படுக்க மெத்தயெல்லாம் வெயில்ல போட்டியா?”

“வெயில் எங்க இருக்கு?”

“சரி, காத்துல போட்டியா?”

“போட்டேன். ஒண்ணு பறந்துபோச்சு. பக்கத்து வீட்டு வேலியில மாட்டிக்கிட்டுது, எடுத்துட்டு வந்துட்டேன்.”

நைரி வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் மாவைப் பார்த்தபடியே சொன்னாள்: “நாளைக்குக் கல்லுகிட்ட பேசச் சொன்னா பேசிடு கோர்டி. போன வருசம் மாதிரி நிக்காத.”

போன வருஷம் பெட்டியை இறக்குமுன் ஒவ்வொருவரும் பக்கத்தில் வந்து, “போ, ஹூரியா, போ” என்றார்கள். செத்தவர்களை அப்படித்தான் அனுப்பவேண்டும். நம்மவர்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்கள் கிளம்புவார்களாம். கோர்டி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தார்.

“பாக்கலாம்” என்றார்.

“சிப்பி வாட்டி குடுக்கறானாமே. டோரின் சொன்னா. நல்ல பய. மூட்டையா, தெறந்ததா?”

“தெறந்தது.”

“யார் தெறந்தா? நாளைக்கு எங்க சித்தப்பா எந்திரிச்சுச் சமைச்சவங்களுக்கெல்லாம் நன்றி சொல்லுவாரு. சிப்பி தெறந்தவங்களயும் பேர் சொல்லிக் கூப்பிடணும். யார் யாருன்னு சொல்லு.”

சாதாரணக் கேள்விதான். கோர்டி கிழங்கைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். டோரின் என்று சொல்லிவிடலாம். நாளைக்கு எல்லார் முன்னாலும் டோரினைக் கூப்பிட்டு நன்றி சொல்வார்கள், அவளும் சும்மா இருந்துவிடுவாள். நாக்குவரை வந்தது.

“ஹூரியா” என்றார்.

மாவுக்குள் நைரியின் கை நின்றது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கையுறை, கத்திச் சத்தம், சன்னல் விளிம்பு, மணிக்கட்டு. குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னார். நைரி கேட்டுவிட்டு மாவின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். “நட” என்றாள். அவ்வளவுதான்.

வேலை முடிகிற நேரம். நைரி ஷெட்டுக்குள் நுழைந்ததும் பேச்செல்லாம் அடங்கியது. ஏப்ரனைக் கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். தங்கையின் தடுப்புக்குப் பக்கத்தில் போய், கோர்டி நிற்கிற இடத்தில் நின்றாள்.

டொக் டொக். ஒரு திருகு. டொக் டொக். மணிக்கட்டு இடுப்புக்குப் போயிற்று.

நைரி திட்டுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு கையை நீட்டி, தொடாமல், ரோபோவின் கைக்கு மேலே அதே மாதிரி அசைத்துப் பார்த்தாள்.

“சின்ன வயசுல குட்டைப் பாவாடையில தொடைப்பா. அம்மா அடிப்பாங்க” என்றாள். பிறகு, “எத்தன நாளா கோர்டி?”

“அவ போனதுல இருந்து.”

“எனக்குச் சொல்லணும்னு தோணல.”

“தோணிச்சு. சொன்னா நிறுத்திருவ.”

“நிறுத்தத்தான் செய்வேன்.”

“உங்க வீட்டுச் சுவத்துல எத்தன போட்டோ வெச்சிருக்கீங்க. செத்தவங்க அத்தன பேரும் இருக்காங்க. அதுல ஒண்ணா இதுவும் இருக்கட்டுமே.” இவ்வளவு நீளமாக அவர் பேசி டோரின் கேட்டதே இல்லை. “எனக்கு வேற என்ன இருக்கு நைரி? வீட்டுக்குப் போனா ஒரு சத்தம் கெடையாது.”

“போட்டோகிட்ட யாரும் வேல வாங்கறதில்ல கோர்டி.” நைரி மெதுவாகத்தான் சொன்னாள். “அவ செத்துட்டா. செத்தும் காலைல வந்து நிக்கிறா, சாயங்காலம் வரைக்கும் சிப்பி தெறக்கறா. அவளுக்கு எப்பத்தான் லீவு? நாளைக்குத் துணிய எடுத்துட்டு, போ போன்னு நாங்க சொல்லுவோம். அவ எங்க போவா? கைய இங்க புடிச்சு வெச்சுக்கிட்டு இருக்கிறியே.”

நைரி மறுபடியும் அந்தக் கையைப் பார்த்தாள்.

“இப்ப எனக்கே, நாளைக்கும் ஒருதரம் வந்து பாத்துட்டுப் போகலாமான்னு இருக்கு. நாளன்னிக்கும் இருக்கும். அதனாலதான் சொல்றேன், வேண்டாம்.”

வாட்டி ஓரமாக நின்றிருந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. “ஆன்ட்டி, நான் மரியாதன்னு நெனச்சு...”

“தெரியும்பா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான், அவன் வாயத் தெறக்கல.” கோர்டியின் பக்கம் அவள் திரும்பவில்லை. “அந்தத் தொட்டியெல்லாம் எங்க?”

“அத்தனையும் நல்ல சிப்பி ஆன்ட்டி. சீசனுக்கே நல்லது.”

“நல்லதாத்தான் இருக்கும். என் தங்கச்சி கையாச்சே. கடலுக்கே போகட்டும்.”

குளிர் அறையிலிருந்து தொட்டிகளைத் தூக்கியது கோர்டி. வேறு யாரையும் தொடவிடவில்லை. காற்று தள்ளுகிற தள்ளில் துறையின் ஓரம்வரை ஒவ்வொன்றாகச் சுமந்துபோய், டப்பா டப்பாவாகக் கடலில் கவிழ்த்தார். எங்கிருந்துதான் வந்தனவோ, ஊர்க் கடற்பறவை முழுக்க அங்கே கூடிவிட்டது. திரும்பிவந்தபோது டோரினும் மற்றவர்களும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் புது மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“விருந்துக்குச் சிப்பி வேணுமில்ல” என்றாள் டோரின். “என் பேர மட்டும் ஒழுங்காச் சொல்லச் சொல்லு.”

ரோபோக்களைச் சாயங்காலத்தில் குழாய் பிடித்து, மருந்து அடித்துக் கழுவுவது வழக்கம். வாட்டி குழாயை எடுத்தான். நைரி வேண்டாம் என்று தலையசைத்தாள். சுவரோரம் ஆட்கள் கைகழுவும் தொட்டி இருந்தது. கோர்டி ரோபோவின் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு கையையும் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அது கோணல் நடை நடந்து கூடவே வந்தது. முப்பது வருஷத்தில் ஊர் பார்க்க அவர் பெண்டாட்டியைக் கைபிடித்து நடத்தியதே இல்லை.

குழாயைத் திறந்தார். நைரி தன் மொழியில் முணுமுணுவென்று பிரார்த்தனையைத் தொடங்கினாள். கோர்டி அந்தக் கையைத் தண்ணீரில் பிடித்தார். விரல் விரலாக, விரலிடுக்கில் ஒட்டியிருந்த ஓட்டுத் தூளை எடுத்து, உள்ளங்கையைத் தேய்த்து, மணிக்கட்டுவரை கழுவினார். அவசரப்படவில்லை. ரப்பர்த் தோல் குளிர்ந்துபோய்க் கிடந்தது. அவளுடைய கையும் சீசனில் இப்படித்தான் சில்லென்று இருக்கும், படுக்கையில் அவர் முதுகில் வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். அதை நினைத்துக்கொண்டுதான் கழுவினார்.

பிரார்த்தனை முடிந்தது. கோர்டி கையை விட்டார். நீர் சொட்டச் சொட்ட ஒரு நிமிஷம் அது சும்மா நின்றது. பிறகு இடது மணிக்கட்டைக் கொண்டுபோய், ஏப்ரன் இல்லாத இடுப்பில் துடைத்துக்கொண்டது.

வாட்டி ரோபோவின் முதுகில், அது கற்றதை அழிக்கிற பொத்தானில் கை வைத்துக் கோர்டியைப் பார்த்தான். அழித்தால் அழித்ததுதான், திரும்பி வராது. நைரியும் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“போ” என்றார் கோர்டி. குரல் சரியாக வரவில்லை. மறுபடி சொன்னார். “போ, ஹூரியா.”

வாட்டி பொத்தானை அமுக்கினான். அதன் கைகள் இடுப்போரத்தில் அப்படியே நின்றன.

கோர்டி தன் கையைக் கழுவிக்கொண்டார். தண்ணீர் ஐஸாக இருந்தது. துடைக்க அவரிடமும் ஒன்றும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி நின்றார். நைரி மாவு ஒட்டிய ஏப்ரன் முனையைப் பிடித்து இழுத்து, அழுத்தித் துடைத்துவிட்டாள்.

“இனிமே தெனமும் மொதல் சிப்பிய யாரு எடுத்து வைப்பா?” என்றார் கோர்டி.

நைரி அவர் கையை விடாமல் புரட்டி, இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“ஏன், உனக்குக் கை இல்லியா?” என்றாள்.